உங்கள் வீட்டுத் தரை, கீழ்வீட்டாருக்குக் கூரை: வீவக குடியிருப்பாளர்களுக்கான பராமரிப்பு, பருவகாலப் பாதுகாப்புக் கையேடு

ஐந்தாம் மாடி வீட்டுக் குளியலறையில் ஊற்றும் தண்ணீர் முழுவதும் வடிகாலில் போய்விடுகிறது என்றுதான் அந்த வீட்டார் நினைப்பார்கள். தரையில் போட்ட நீர்த்தடுப்புப் பூச்சு தேய்ந்திருந்தால் அதில் ஒரு பங்கு நான்காம் மாடி வீட்டுக் கூரையில் மஞ்சள் கறையாகத் தெரியும். மேல்வீட்டாருக்கு அது தெரியவே தெரியாது. கீழ்வீட்டார் கதவைத் தட்டும்போதுதான் செய்தி வரும். சில வேளைகளில் சண்டையும் சேர்ந்தே வரும்.

சிங்கப்பூரில் வசிப்போரில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். தனி வீட்டில் ஒருவர் செய்யும் கவனக்குறைவு பெரும்பாலும் அவரோடு நிற்கும். அடுக்குமாடியில் அப்படியில்லை. துருப்பிடித்த ஆணி ஒன்றினால் சன்னல் கீழே நடப்பவர் தலையில் விழலாம். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரில் வளர்ந்த கொசு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கி கொடுக்கலாம். கவனிக்காமல் விட்ட எண்ணெய்ச் சட்டியால் தாழ்வாரம் முழுதும் புகை சூழலாம்.

இவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே தடுக்க முடியும். எந்தப் பருவத்தில் எதைப் பார்க்க வேண்டும், பழுது ஏற்பட்டால் யாரிடம் போக வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

முதலில்: எது யார் பொறுப்பு?

பழுது கண்டவுடன் பலர் தவறான இடத்துக்கு அழைத்து நாள்களை இழக்கிறார்கள். பொதுவாகப் பிரிவு இப்படித்தான் இருக்கும்.

வீட்டுக்குள் இருப்பவை வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. சன்னல்கள், குழாய்கள், தரை ஓடுகள், மின்கம்பிகள், குளிரூட்டி, கதவு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

மின்தூக்கி, தாழ்வாரம், மாடிப்படி, கீழ்த்தளம், பொது விளக்குகள், கூரைமேல் உள்ள தண்ணீர்த் தொட்டி போன்ற பொது இடங்களையும் வசதிகளையும் அந்தந்த நகர மன்றம் கவனிக்கிறது. மின்தூக்கிக்குள் யாரேனும் சிக்கிக்கொண்டாலோ பொதுக் குழாய் வெடித்தாலோ நகர மன்றத்தின் அவசரப் பராமரிப்புப் பிரிவை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அந்த எண் பெரும்பாலும் மின்தூக்கி அருகிலோ அறிவிப்புப் பலகையிலோ ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கைப்பேசியில் பதிந்துகொள்வது நல்லது.

கூரைக் கசிவு, கூரைக் கான்கிரீட் பெயர்வது போன்றவற்றுக்கு வீவக கிளை அலுவலகத்தை நாட வேண்டும்.

வீவக வாடகை வீட்டில் இருப்போர் கழகத்திடமே தெரிவிக்கலாம். தனியாரிடம் அறையோ வீடோ வாடகைக்கு எடுத்திருப்போர் உரிமையாளரிடம் உடனே சொல்ல வேண்டும். வாடகைக்கு விட்டுவிட்டதால் உரிமையாளரின் பொறுப்பு நீங்கிவிடாது.

சிங்கப்பூரின் ஆண்டு எப்படிச் சுழல்கிறது?

இங்குக் கோடை, குளிர்காலம் இல்லை என்பதால் பருவமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அதன் முதல் பாதியில் நாள்கணக்கில் மழை நீடிக்கலாம். பிற்பாதி காற்றோடு வறண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்கள் இடைப்பருவம். அப்போது பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபர், நவம்பர் மீண்டும் இடைப்பருவம்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொன்றும் வரும். மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து விடியலுக்கு முன்போ காலையிலோ திடீரென வீசும் சுமத்ரா புயற்காற்று அது. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை அதன் வேகம் இருக்கும். எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், திறந்து வைத்த சன்னல்களை அது பிடித்து உலுக்கும்.

சன்னல்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம்

உயரத்திலிருந்து விழும் சன்னலால் உயிர் போகலாம். வெளிப்பக்கமாகத் திறக்கும் சன்னல்களில் பெரும்பாலும் பிரச்சினை ஏற்படுவது, சட்டத்தைத் தாங்கும் இணைப்பில் அடிக்கப்பட்ட அலுமினிய ரிவெட் ஆணிகளால்தான். காலப்போக்கில் அவை அரித்துத் தேய்ந்து உடைகின்றன. அதனால்தான் 2004ஆம் ஆண்டு முதல், அலுமினிய ரிவெட்டுகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளைப் பொருத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

மாற்றத் தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பராமரிப்பின்மையால் சன்னல் விழுந்துவிட்டால் அபராதம் 10,000 வெள்ளி வரையும் சிறை ஓராண்டு வரையும் போகலாம்.

பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கியோர் முந்தைய உரிமையாளர் மாற்றியிருப்பார் என்று நம்பிவிடக் கூடாது. ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். தெரியவில்லை என்றால் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகையாளரை அழைக்கலாம்.

வெளிப்பக்கம் திறக்கும் சன்னலில் பார்க்க வேண்டியவை:
- ஆணிகளிலும் திருகுகளிலும் துரு இருக்கிறதா, ஏதேனும் தளர்ந்திருக்கிறதா?
- திறந்து மூடும்போது சட்டம் கோணுகிறதா, சத்தம் போடுகிறதா?
- சட்டத்தைத் தாங்கும் கம்பிப்பட்டை வளைந்திருக்கிறதா?

பக்கவாட்டில் நகர்த்தும் சன்னலில் பார்க்க வேண்டியவை:
- தடத்தில் தூசியும் மண்ணும் அடைத்திருக்கின்றனவா? அடைத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும்.
- சன்னல் தடத்தைவிட்டு வெளியே வராமல் தடுக்கும் உலோகப் பட்டையும் ரப்பர் தடுப்பும் இருக்கின்றனவா, தேய்ந்திருக்கின்றனவா?
- சிக்கிக்கொண்டால் பலம் கொண்டு தள்ளக் கூடாது. பல சன்னல்கள் விழுவது அந்த ஒரு தள்ளலில்தான்.

பலத்த காற்று வீசும்போது எல்லாச் சன்னல்களையும் மூடித் தாழிட வேண்டும். வெளியூர் போகும்முன்பும் அதேதான்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டைக் கழுவித் துடைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்க நாற்காலியில் ஏறி உடலை வெளியே நீட்டுவது மிகுந்த ஆபத்து. நீண்ட கைப்பிடி உள்ள துடைப்பானை உள்ளிருந்தபடியே பயன்படுத்தலாம். இல்லப் பணிப்பெண் வைத்திருப்போருக்கு 2012 முதல் தனி விதி இருக்கிறது. சன்னலில் கம்பி இருக்க வேண்டும். துடைக்கும் நேரம் முழுதும் அது பூட்டியிருக்க வேண்டும். முதலாளியோ பொறுப்புள்ள பெரியவர் ஒருவரோ அருகிலிருந்து கவனிக்க வேண்டும். தரைத்தள வீட்டுச் சன்னல்களுக்கும் தாழ்வாரத்தை நோக்கிய சன்னல்களுக்கும் மட்டுமே இதில் விலக்கு.

சன்னலோரத்திலும் தாழ்வாரக் கைப்பிடிச் சுவர்மீதும் பூந்தொட்டி, துடைப்பம், காலணி எதையும் வைக்கக் கூடாது. துணி காயவைக்கும் கழி நழுவாதபடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். வெளியே தொங்கும் குளிரூட்டிப் பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும், குளிரூட்டியைச் சுத்தம் செய்ய வருபவரிடம் சொல்லிப் பார்க்கச் செய்யலாம்.

கூரைக் கசிவு: சண்டைக்கு முன் செய்ய வேண்டியவை

குளியலறைக்கும் சமையலறைக்கும் கீழே உள்ள கூரையில் கறை, குமிழ், சொட்டு தெரிந்தால் முதலில் படம் எடுத்து, தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். மழை பெய்யும்போது மட்டும் கசிகிறதா, மேல்வீட்டார் குளிக்கும் நேரத்தில் கசிகிறதா என்று கவனித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். மழையின்போது மட்டும் என்றால் வெளிச்சுவர், சன்னல் ஓரம், கூரை ஆகியவற்றில் விரிசல் இருக்கலாம். எப்போதும் என்றால் மேல்வீட்டுக் குழாயிலோ தரையிலோ பிரச்சினை.

அடுத்து மேல்வீட்டாரிடம் அமைதியாகப் பேச வேண்டும். படத்தைக் காட்டினால் போதும். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சு ஆண்டுகள் போகப் போகத் தேய்வது இயல்பு. புளோக் பழையதாகும்போது இது எந்த வீட்டிலும் வரலாம்.

வீட்டுக்குள் நடக்கும் கசிவுக்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் செலவில் பாதியைக் கழகம் ஏற்கிறது. மீதியில் 25 விழுக்காட்டை மேல்வீட்டாரும் 25 விழுக்காட்டைக் கீழ்வீட்டாரும் தருகிறார்கள். ‘எல்லாச் செலவும் என் தலையில்தான் விழும்’ என்ற பயத்தால் மேல்வீட்டார் கதவைத் திறக்காமலிருப்பதுண்டு. செலவு எப்படிப் பிரிகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பயம் போகும்.

பேச்சு எட்டாவிட்டால் கிளை அலுவலகத்திடம் தெரிவிக்கலாம். அக்கம்பக்கத்தாரிடையே கசப்பு முற்றிவிட்டால் சமூக மத்தியஸ்த நிலையம் இருதரப்பையும் உட்கார வைத்துப் பேச உதவும்.

மேல்வீட்டில் இருப்போர் தங்கள் பக்கம் செய்யக்கூடியவையும் உண்டு. குளியலறை ஓடுகளுக்கு இடையே உள்ள வெள்ளைப் பூச்சு உதிர்ந்திருந்தால் மீண்டும் பூச வேண்டும். தரையில் நாள் முழுதும் நீர் தேங்க விடக் கூடாது. கழுவுதொட்டிக்குக் கீழுள்ள குழாய் இணைப்பை மாதம் ஒருமுறை கையால் தடவிப் பார்க்கலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்து, காலையில் மறுபடி பார்த்தால் மறைவான கசிவு தெரியும். எண் கூடியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

புது வீட்டுக்குக் குடிபோவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழகம் பதித்துக் கொடுத்த குளியலறை ஓடுகளை, புளோக் கட்டிமுடித்து மூன்று ஆண்டுகள் ஆகும்வரை உடைத்து மாற்ற அனுமதியில்லை. நீர்த்தடுப்புப் பூச்சு சேதமாகாமல் இருக்கவே இந்த விதி.

கூரைக் கான்கிரீட் பெயர்வது

காற்றிலுள்ள கரியமில வாயு மெதுவாகக் கான்கிரீட்டுக்குள் ஊறும்போது உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் மெல்லிய விரிசல், பிறகு தொங்கும் வீக்கம், கடைசியில் துண்டாக விழும். ஈரம் நிற்கும் குளியலறை, சமையலறைக் கூரைகளில்தான் இது அதிகம்.

விரிசல் சிறியதாக இருக்கும்போதே சரிசெய்தால் செலவும் சிறியது. சுண்ணாம்பு பூசி மறைத்துவிடுவது தீர்வாகாது. வீக்கம் தெரிந்தால் அதற்குக் கீழே கட்டிலோ தொட்டிலோ இருக்கக் கூடாது. கூரைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரமான சாயம் அடிப்பதும், விளக்கு மாட்டுவதற்காகத் தேவையின்றித் துளை போடாமல் இருப்பதும் கான்கிரீட்டின் ஆயுளைக் கூட்டும்.

1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டம் உண்டு. கான்கிரீட் பழுதுபார்ப்பு, பழைய கழிவுநீர்க் குழாயை மாற்றுவது போன்ற அத்தியாவசிய வேலைகளுக்கான செலவைச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்காக அரசாங்கமே முழுமையாக ஏற்கிறது. புளோக்கில் இதற்கான வாக்கெடுப்பு வரும்போது என்ன வேலை, எவ்வளவு செலவு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாக்களிப்பது நல்லது.

மழைநாள்களில்: எழும்பும் ஓடு, பூஞ்சை, வழுக்கல்

2018 ஜனவரியில் தொடர்மழையால் சிங்கப்பூர் குளிர்ந்திருந்த நாள்களில் பல வீடுகளில் தரை ஓடுகள் திடீரெனச் சத்தத்துடன் எழும்பின. வெப்பநிலை மாறும்போது ஓடும் அதன் அடியிலுள்ள சிமெண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. ஒட்டு வலுவிழந்த இடத்தில் ஓடு தூக்கிக்கொள்கிறது. நாணயத்தால் தட்டும்போது வெற்றுச் சத்தம் கேட்கும் ஓடுகள்தான் முதலில் எழும்பக்கூடியவை. எழும்பிவிட்டால் வெறுங்காலோடு அருகில் போகக் கூடாது. உடைந்த விளிம்பு கத்திபோல் வெட்டும். பிள்ளைகளை விலக்கி, சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வைத்து, குத்தகையாளரை அழைக்க வேண்டும்.

நாள்கணக்கில் மழை பெய்தால் துணி வீட்டுக்குள் காயும். சுவரிலும் அலமாரிக்குள்ளும் பூஞ்சை பிடிக்கும். மழை விட்ட நேரத்தில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சிறிது இடைவெளி விடலாம். நீர் சொட்டும் துணியை வெளியே கழியில் போட்டால் கீழ்வீட்டார் காயவைத்த துணி நனையும். பிழிந்தபின் போடுவது நல்ல அண்டைவீட்டாருக்கு அழகு.

மூத்தோர் இருக்கும் வீட்டில் ஈரமான குளியலறை பெரிய ஆபத்து. ‘ஈஸ்’ எனப்படும் திட்டத்தின்கீழ் கைப்பிடிகள், வழுக்காத தரைப்பூச்சு, சரிவுப்பாதை ஆகியவற்றைச் சலுகை விலையில் பொருத்திக்கொள்ளலாம். 65 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், சிங்கப்பூர்க் குடிமகனான உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். வீட்டின் அளவைப் பொறுத்துச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு மட்டுமே செலுத்த வேண்டியிருக்கும்.

வெப்ப மாதங்களில்: டெங்கி

டெங்கிக் காய்ச்சல் ஆண்டு முழுதும் இருந்தாலும் வெப்பம் கூடும் மே முதல் அக்டோபர் வரை கூடுதலாகப் பரவுவது வழக்கம். 2020ல் 35,000க்கும் அதிகமானோரை அது பாதித்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்கிறார்கள். அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டிலுள்ள தெளிந்த நீரே அதற்குப் பிடிக்கும்.

தமிழர் வீடுகளில் குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள்:
- வாசலில் பூ மிதக்க வைக்கும் உருளி. இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும்.
- சாமி மேடையில் வைக்கும் கலசம், செம்பு, பூச்சாடி.
- துளசி, கறிவேப்பிலை, வெற்றிலைக்கொடித் தொட்டிகளின் அடித்தட்டு. இறுகிப்போன மண்ணின்மேலும் நீர் தேங்கும்; கிளறிவிட வேண்டும்.
- பழைய புளோக்குகளில் துணிக் கழி செருகும் குழாய்த் துளை. பயன்படுத்தாதபோது மூடி போட வேண்டும்.
- வாளி. கவிழ்த்து வைப்பதற்கு முன் உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரியும்.
- குளிரூட்டியின் நீர்த்தட்டு, அதிகம் பயன்படாத கழிவறை.

விடுமுறைக்கு ஊர் போவோர் கழிவறை மூடியை மூடி, வடிகால் வாயையும் மூடிவிட்டுப் போக வேண்டும். அருகில் டெங்கித் தொற்று இருப்பதாகப் பதாகை கண்டால் இருண்ட மூலைகளில் பூச்சிமருந்து தெளித்து, உடலில் கொசுவிரட்டி பூசி, கை கால் மூடும் உடை அணிவது நல்லது. திடீர்க் காய்ச்சலுடன் கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி, தோலில் தடிப்பு இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்ற வலிமாத்திரைகளைத் தாமாக எடுக்கக் கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்.

புகைமூட்டம்

தென்மேற்குப் பருவத்தில் வட்டாரத்தில் காடும் தோட்டமும் எரிந்தால் புகை இங்கு வரும். 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐ எட்டியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் குறியீடு 100ஐத் தாண்டினால் காற்று ஆரோக்கியமற்றது. 200க்கு மேல் மிகவும் ஆரோக்கியமற்றது. 300க்கு மேல் அபாயகரமானது.

அப்போது சன்னல்களை மூடி, ஈரத்துணியால் தரையைத் துடைக்கலாம். சாம்பிராணி, ஊதுபத்தி, அதிக எண்ணெய்ப் பொரியல் ஆகியவற்றைச் சில நாள்களுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆஸ்துமா, இதயநோய் உள்ளோர் வழக்கமாக எடுக்கும் மருந்தும் சில என்95 முகக்கவசங்களும் முன்கூட்டியே வீட்டில் இருக்க வேண்டும். வீட்டை அடைத்துக்கொண்டு தனியாக வாழும் முதியவர் பக்கத்தில் இருந்தால் ஒருமுறை கதவைத் தட்டிக் கேட்பது அவருக்குப் பெரிய உதவி.

தீபாவளிக் காலம்: அடுப்பும் விளக்கும்

வீடுகளில் தீ மூள்வதற்கு முக்கியக் காரணம் அடுப்பில் வைத்துவிட்டுக் கவனிக்காமல் போவது என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து சொல்லி வருகிறது. முறுக்கும் அதிரசமும் சுடும் நாள்களில் ஒரு சட்டி எண்ணெய் மணிக்கணக்கில் கொதிக்கும். தொலைபேசி அழைப்பு வந்தாலோ வாசலில் விருந்தாளி வந்தாலோ முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். பிறகுதான் போக வேண்டும்.

எண்ணெய் தீப்பற்றினால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. நீர் பட்டதும் கொதிக்கும் எண்ணெய் நெருப்போடு வெடித்துத் தெறிக்கும். முடிந்தால் அடுப்பை அணைத்து, சட்டியைப் பெரிய மூடியால் மூட வேண்டும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. பொரிக்கத் தொடங்கும் முன்பே மூடியை அருகில் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பயன்படுத்திய எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் அது குழாயில் உறைந்து அடைக்கும். அதே குழாய்தான் எல்லா மாடிகளுக்கும். அடைப்பு முற்றினால் கழிவுநீர் கீழ்மாடி வீட்டுச் சமையலறையில் பொங்கும். ஆறியபின் பழைய செய்தித்தாளில் ஊறவிட்டோ போத்தலில் ஊற்றி மூடியோ பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும்.

எரிவாயுக் கலன் பயன்படுத்துவோர் இணைப்புக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, சோப்பு நீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று சோதிக்கலாம். வாயு வாடை வந்தால் கலனை மூடி, சன்னலைத் திறக்க வேண்டும். விளக்கு விசையைத் தட்டக் கூடாது.

சாமி மேடையில் எரியும் விளக்கை விட்டுவிட்டு வெளியே போவதும் உறங்குவதும் தீக்கு வழி. திரைச்சீலை, காகித மாலை, சரவிளக்குக் கம்பி ஆகியவை சுடருக்கு எட்டாமல் இருக்க வேண்டும். கற்பூரம் காட்டிய தட்டை மரப்பலகைமேல் வைக்காமல் ஓட்டின்மேல் வைக்கலாம். மத்தாப்பு கொளுத்துவது திறந்த வெளியில் மட்டுமே, பெரியவர் மேற்பார்வையில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீருடன். எரிந்து முடிந்த கம்பி நெடுநேரம் சுடும். அதை நேரே வாளியில் போட வேண்டும்.

கோலமும் அகல்விளக்கும் தாழ்வாரத்துக்கு அழகு. ஆனால் ஆள் நடக்கவும் தீயணைப்பாளர் வரவும் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கடி வழி காலியாக இருக்க வேண்டும். பண்டிகைக்காக வீட்டிலிருந்து வெளியேற்றிய பழைய மெத்தை, அலமாரி, அட்டைப்பெட்டி ஆகியவற்றைத் தாழ்வாரத்தில் போட்டு வைக்கக் கூடாது. பெரிய பொருள்களை அகற்ற நகர மன்றத்திடம் கேட்கலாம்.

மின்சாரமும் மின்கலனும்

மின்பெட்டியில் ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் துண்டிப்புக் கருவி இருக்க வேண்டும். மின்சாரம் கசிந்தால் நொடிக்குள் துண்டித்து உயிரைக் காப்பது அதுதான். 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் அது இல்லாமல் இருந்திருக்கலாம். 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் பொருத்த வேண்டும் என்று விதி மாற்றப்பட்டது. கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் நின்றால் நல்ல நிலையில் உள்ளது. நிற்காவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

ஒரே செருகுவாயில் பல செருகிகளை அடுக்குவது, தரைவிரிப்புக்கு அடியில் கம்பி ஓட்டுவது, பாதுகாப்பு முத்திரை இல்லாத மலிவு விளக்குச்சரம் வாங்குவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

உணவு விநியோகத்துக்கும் வேலைக்கும் மின்சைக்கிளோ நடமாட்டச் சாதனமோ வைத்திருப்போர் இரவில் தூங்கும்போது மின்னூட்டக் கூடாது. வாசற்கதவருகே வைத்து மின்னூட்டவும் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். சாதனத்தோடு வந்த மின்னூட்டியையே பயன்படுத்த வேண்டும். வீங்கிய, நனைந்த, மாற்றியமைக்கப்பட்ட மின்கலன் வேண்டாம். நடமாட்டச் சாதனம் வாங்கும்போது யுஎல்2272 தரச்சான்று இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

தீ மூண்டுவிட்டால்

2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீட்டில் இருப்போரும் ஒன்று வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். சிறிய தீயணைப்பான் ஒன்றும் வீட்டில் இருந்தால் நல்லது.

- எல்லாரையும் வெளியேற்ற வேண்டும். பொருள்களை எடுக்கத் திரும்பக் கூடாது.
- வெளியேறும்போது கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுப் போக வேண்டும். புகை தாழ்வாரத்தில் பரவுவதை அது குறைக்கும்.
- மின்தூக்கியில் ஏறக் கூடாது. மாடிப்படியில் இறங்க வேண்டும்.
- 995ஐ அழைத்து புளோக் எண், மாடி, வீட்டு எண் சொல்ல வேண்டும்.
- தீ பக்கத்து வீட்டில் மூண்டு தாழ்வாரத்தில் புகை சூழ்ந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே இருந்து, கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்து, சன்னலருகே நின்று உதவி கேட்க வேண்டும்.

வாசல் கம்பிக்கதவின் சாவி எப்போதும் ஒரே இடத்தில், கதவருகே கைக்கெட்டும்படி தொங்க வேண்டும். இருட்டில், புகையில் சாவி தேடுவதற்கு நேரமிருக்காது. சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்கும் பாட்டி தாத்தாவுக்கும் பணிப்பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைக்க

- வாரம்தோறும்: தேங்கிய நீர், பூந்தொட்டித் தட்டு, உருளி, வாளி.
- மாதம்தோறும்: ஆர்சிசிபி சோதனைப் பொத்தான், கழுவுதொட்டிக் குழாய் இணைப்பு, எரிவாயுக் குழாய்.
- மார்ச்: மழைக்காலத்துக்குப் பின் கூரையில் கறை, விரிசல், பூஞ்சை. சுமத்ரா காற்றுக்கு முன் சன்னல் ஆணிகளும் தடங்களும்.
- மே: கொசுப் பெருகும் இடங்கள். புகைமூட்டத்துக்கான முகக்கவசம், மருந்து.
- செப்டம்பர், அக்டோபர்: இரண்டாம் முறை சன்னல் சோதனை. தீபாவளிக்கு முன் தாழ்வாரத்தைக் காலிசெய்தல், விளக்குச்சரம், மின்செருகி.
- நவம்பர் இறுதி: சன்னலோரப் பூச்சு, குளியலறை ஓட்டு இடைவெளி, வழுக்கும் தரை, மூத்தோருக்கான கைப்பிடி.
- வெளியூர் போகும்முன்: சன்னல், எரிவாயு, கழிவறை மூடி, சாமி விளக்கு.

இந்தப் பட்டியலை முடிக்க மாதத்துக்கு ஒரு மணி நேரம் கூட ஆகாது. கண் தெரியாத, ஏணியில் ஏற முடியாத முதியவர் அதே தாழ்வாரத்தில் இருந்தால், தங்கள் வீட்டுச் சன்னலைப் பார்க்கும் நாளில் அவர் வீட்டுச் சன்னலையும் பிள்ளைகளில் ஒருவர் பார்த்துக் கொடுக்கலாம். அந்தச் சன்னலுக்குக் கீழேயும் புளோக்கில் உள்ள எல்லாரும்தான் நடந்து போகிறார்கள்.